லண்டனில் ஒரு நாள், காசில்லாமல்: பிரிட்டிஷ் மியூசியமா, வி அண்ட் ஏவா, நேஷனல் கேலரியா?

ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டாவது நாள் காலையில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஒரு நாள்தான் இருக்கு, எந்த மியூசியம் போகலாம்?" ஈஸ்ட் ஹாமில் குடியிருந்துகொண்டு சித்தி, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு அலைந்ததில் எனக்கென்று ஒரு முடிவு உண்டு. யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

முதலில் காசு விஷயம். பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் (சுருக்கமாக வி அண்ட் ஏ), நேஷனல் கேலரி ஆகிய இந்த மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பாகுபாடும் இல்லை. பெரிய விளம்பரத்தோடு நடக்கும் சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். அந்த விலையை வாசல் பலகையில் பார்த்து, மொத்தக் கட்டடத்துக்கும் அதுதான் கட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இலவசமாகவே மாறிக்கொண்டிருக்கும் சின்னக் கண்காட்சிகளும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் 90-ம் அறை அப்படிப்பட்டது. அங்கே காகிதத்தில் வரைந்தவையும் அச்சிட்டவையும் இருக்கும். காகிதம் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் சில மாதங்களில் எடுத்து வைத்துவிட்டு வேறு மாட்டுவார்கள். டிக்கெட் கண்காட்சிக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்த அறைப் பக்கமே போவதில்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தை 1753-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள், 1759-ல் திறந்தார்கள். வரலாறுதான் வேண்டும் என்றால் இதற்கு ஈடு வேறு இல்லை. ஆனால் ஒரே நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் கால்வலிதான் மிஞ்சும். சேகரிப்பில் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. காட்சிக்கு வைத்திருப்பது அதில் ஒரு சதவீதம்தான், அதுவே மலைக்க வைக்கும். நான் யாரைக் கூட்டிப் போனாலும் மூன்றே இடங்கள்தான்.

ஒன்று, ரொசெட்டா கல். கண்ணாடிக் கூண்டைச் சுற்றிச் செல்போன்கள்தான் தெரியும். அங்கே முண்டியடிக்காமல் 1-ம் அறைக்கு வாருங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் புத்தகங்களுக்காகக் கட்டிய நீளமான கூடம் அது. அங்கே அதே கல்லின் நகல் ஒன்று கூண்டில்லாமல் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். ஒரே அரசாணையை மூன்று எழுத்து முறைகளில் வெட்டியிருக்கிறார்கள். மேலே எகிப்தியச் சித்திர எழுத்து, நடுவில் டெமோட்டிக் என்ற எகிப்தியரின் அன்றாட எழுத்து, கீழே கிரேக்கம். விரலை மேலிருந்து கீழே நகர்த்தினால் எழுத்தின் ஆழமும் இடைவெளியும் மாறுவது கைக்கே தெரியும். கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறித்தான் 1822-ல் ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார்.

இரண்டாவது, அசீரியச் சிங்க வேட்டை. இன்றைய ஈராக்கில் இருந்த நினிவே நகரில் அஷுர்பனிபால் மன்னரின் அரண்மனைச் சுவரில் இருந்த புடைப்புச் சிற்பங்கள் இவை, கிமு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மன்னன் பெருமைக்காகச் செதுக்கியதுதான். ஆனால் சிற்பியின் மனசு சிங்கத்தின் பக்கம் இருந்திருக்கிறது. முதுகில் அம்பு தைத்த பெண்சிங்கம் ஒன்று, செயலிழந்த பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு முன்னங்கால்களை ஊன்றி உறுமுகிறது. அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றவர்கள் மன்னனின் பெயரை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

மூன்றாவது, அமராவதி. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்தப் பௌத்தத் தூபியை 1845-ல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டினார். கற்கள் சென்னைக்கு வந்து சில வருஷம் கிடந்து, 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு 33ஏ அறைக்குள் நுழையும்போது தொண்டை அடைக்கும். ஒரே வீட்டுப் பாத்திரங்களைப் பாகப்பிரிவினையில் பிரித்த மாதிரி, பாதி அங்கே, பாதி இங்கே. இந்தக் கற்களில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சிற்பம் உண்டு. ஒரு பக்கம் பழசு: போதி மரமும் வெறும் ஆசனமும் இருக்கும், புத்தர் உருவம் இருக்காது. சுமார் முந்நூறு வருஷம் கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் முழுத் தூபியையும் செதுக்கிவிட்டார்கள். இலவசம் என்ற சொல்லை இந்த அறையில் என்னால் முழு மனசோடு சொல்ல முடிவதில்லை. ஆந்திராவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வருகிறவர் இதைப் பார்க்க விமானக் கட்டணமும் விசாவும் கட்டியாக வேண்டும்.

வி அண்ட் ஏ வேறு வகை. 1851-ல் நடந்த உலகப் பெரும் கண்காட்சிக்கு மறுவருஷம் தொடங்கியது. பேரரசர்களின் கதையைவிடக் கைவேலைதான் இங்கே முக்கியம். துணி, பீங்கான், நகை, மரவேலை, இரும்புக் கிராதி என்று நல்ல வேலைப்பாட்டைத் தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் காட்டவேண்டும் என்பதே அன்றைய நோக்கம். பகலெல்லாம் வேலை செய்கிறவர் எப்போது வருவார் என்று யோசித்து, 1850-களிலேயே கேஸ் விளக்கு போட்டு ராத்திரியில் திறந்து வைத்திருக்கிறார்கள். இன்றும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். நடுவில் 1990-களில் கட்டணம் வாங்கினார்கள், 2001 கடைசியில் அது ஒழிந்தது.

எனக்கு இங்கே பிடித்த இடம் 42-ம் அறை. நடுவில் தரையோடு தரையாக ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அர்தபில் கம்பளம், பத்து மீட்டருக்கு மேல் நீளம். ஈரானில் 1539-40-ல் நெய்தது, ஓரத்தில் வருஷத்தையே எழுத்தாக நெய்திருக்கிறார்கள். சாயம் வெளுத்துவிடக் கூடாது என்று விளக்கை மங்கலாகவே வைத்திருப்பார்கள். அரைமணிக்கு ஒருமுறை, பத்து நிமிஷம் மட்டும், வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். அதுவரை கருநீலமாகத் தெரிந்த பரப்பில் கொடிகளும் பூக்களும் எழும்பி வரும். நடுவட்டத்தின் இரு புறமும் இரண்டு விளக்குகள் தொங்குவதுபோல நெய்திருப்பது அப்போதுதான் தெரியும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. தையல் வேலை தெரிந்த என் சித்தி பத்து நிமிஷமும் வாய் திறக்கவில்லை. வெளிச்சம் குறைந்ததும், "அடுத்த தடவை போடுற வரைக்கும் இருப்போம்" என்றார். இருந்தோம்.

அப்புறம் வார்ப்புக் கூடங்கள். 1873-ல் திறந்தவை. ரோமின் டிராஜன் தூண் முழுவதையும் பிளாஸ்டரில் வார்த்து, கூரைக்கு அடங்காததால் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள். நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். வெயில், மழை, வாகனப்புகை அரித்த அசலில் தேய்ந்துபோன சில விவரங்கள் பழைய வார்ப்புகளில் இன்னும் இருக்கின்றன. திப்புவின் புலி பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்து வந்த அந்த மரப்புலி வி அண்ட் ஏவின் சொத்துதான். கூடங்களைப் புதுப்பிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவது வழக்கம் என்பதால், புலிக்காகவே போகிறவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேஷனல் கேலரி ஓவியத்துக்கு மட்டும். 1824-ல் 38 படங்களோடு தொடங்கி இன்று 2,300-க்கு மேல். ஓவியத்தில் பழக்கம் இல்லாதவருக்கு அறை அறையாக நடந்தால் சீக்கிரம் அலுத்துவிடும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. இங்கே நான் சொல்வது அரைமணி, ஒரே படம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தக் கேலரியே அப்படித்தான் நடந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து படங்களையெல்லாம் வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்தில் பதுக்கி வைத்திருந்தார்கள். மக்கள் ஒரு படமாவது பார்க்கவேண்டும் என்று கேட்க, 1942-லிருந்து மாதம் ஒரு படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நான் காட்டுவது யான் வான் ஐக் என்ற ஓவியர் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி. பின்சுவரில் நடுவில் புடைத்த வட்டமான முகக்கண்ணாடி ஒன்று, அதில் இருவரின் முதுகும், வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேரும் தெரிகிறார்கள். கண்ணாடிக்கு மேலே "யான் வான் ஐக் இங்கே இருந்தான்" என்று லத்தீனில் எழுதிய கையெழுத்து.

சரி, எதற்குப் போவது? பள்ளிக்கூட வரலாறு ஞாபகத்தில் இருக்கிற பிள்ளைகள் என்றால் பிரிட்டிஷ் மியூசியம். காலையில் முதல் ஆளாகப் போங்கள், இலவச நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வயதானவர்கள், துணியோ நகையோ மரவேலையோ தெரிந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வி அண்ட் ஏ. நெரிசல் குறைவு, நடுமுற்றத்தில் குழந்தைகள் காலை நனைத்து விளையாடும் ஆழமில்லாத குளம் இருக்கிறது. ஒன்றுதான் என்று என்னைக் கட்டாயப்படுத்தினாலும் என் ஓட்டு அதற்கே. நேஷனல் கேலரியை ஒரு நாள் வேலையாக வைக்காதீர்கள், டிரஃபால்கர் சதுக்கம் பக்கம் போகும்போது நுழைந்துவிட்டு வாருங்கள்.

லண்டனிலேயே, அதுவும் கிழக்குப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு 2025 மே கடைசியில் இன்னொன்று கிடைத்திருக்கிறது: ஒலிம்பிக் பூங்காவில் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வந்தால் போதும். மியூசியத்தின் கிட்டங்கியையே மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அடுக்கடுக்கான இரும்பு ராக்குகளுக்கு நடுவே ஆக்ரா கோட்டைக் குளியல் மண்டபத்தின் பளிங்குத் தூண் வரிசை நிற்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே இருக்கும் பொருட்களில் ஐந்து வரை நீங்களே இணையப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்தால், எடுத்துவந்து மேசைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். ஆராய்ச்சியாளர் என்று சான்று காட்ட வேண்டாம். பட்டியலில் சோழமண்டலக் கரை என்று தேடினால் சீட்டித் துணிகள் வரிசையாக வரும். சித்தி அடுத்த கோடையில் வரும்போது பார்ப்பதற்கு ஐந்தை இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.