நியூசிலாந்தின் கிலோமீட்டர் கட்டணம்: மின்கார் ஓட்டுபவரின் மதிப்பீடு

நியூசிலாந்தில் மின்கார் வைத்திருப்போர் 2024 ஏப்ரல் 1 முதல், ஓட்டும் ஒவ்வோர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் 76 டாலரைச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணமாகச் செலுத்தி வருகிறோம். 2009 முதல் மின்கார்களுக்கு இருந்துவந்த விலக்கு அத்துடன் முடிந்துவிட்டது. நான் இதைப் பணம் கொடுத்துப் பெறும் சேவையாகக் கருதி, அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு மின்கார்களுக்காகப் புதிதாகப் பிறந்ததன்று. இங்கே பெட்ரோல் விலையிலேயே சாலைக்கான வரி சேர்ந்திருக்கிறது. டீசலுக்கு அப்படி இல்லை. பண்ணைகளிலும் படகுகளிலும் எரியும் டீசலுக்குச் சாலை வரி வாங்குவது முறையாகாது என்பதால், டீசல் வண்டிகளிடம் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு வாங்கும் வழக்கம் 1978இலிருந்தே நடைமுறையில் உள்ளது. கனரக லாரிகளுக்கு எடையையும் சக்கர அச்சுகளின் அமைப்பையும் பொறுத்து விகிதம் உயர்கிறது. அச்சின் மீதான சுமை கூடக்கூடச் சாலையின் தேய்மானம் பன்மடங்கு பெருகுகிறது என்பதால், அது மிகவும் நியாயமானது.

வாங்கும் முறை எளிது. போக்குவரத்து முகமையின் இணையதளத்தில் வண்டியின் பதிவு எண்ணையும் ஓடோமீட்டர் காட்டும் அளவையும் பதிந்து, வேண்டிய தூரத்தை ஆயிரம் ஆயிரமாகத் தேர்ந்து அட்டை மூலம் பணம் கட்டினால், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை ஓட்டலாம் என்று அச்சிட்ட லேபிள் கிடைக்கும். அதை முன்கண்ணாடியில் பொருத்த வேண்டும். வண்டியின் தகுதிச் சோதனையின்போது ஓடோமீட்டர் அளவும் பதிவாவதால், குறைத்துச் சொல்லித் தப்புவது கடினம். நாம் எங்கே போகிறோம் என்பதைக் கண்காணிக்கும் கருவி எதையும் காரில் வைக்க வேண்டியதில்லை என்பதை இதன் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன். தூரக் கட்டணம் என்றாலே தனியுரிமை பறிபோகும் என்று அஞ்சுவோர் இந்த ஏற்பாட்டை அவசியம் பார்க்க வேண்டும்.

விகிதத்தில்தான் எனக்குக் குறை உண்டு. பெட்ரோலில் சாலை நிதிக்குச் செல்லும் வரி, விற்பனை வரியையும் சேர்த்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 80 சென்ட். நூறு கிலோமீட்டருக்கு 4 லிட்டர் மட்டுமே குடிக்கும், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைபிரிட் கார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதன் உரிமையாளர் செலுத்துவது 32 டாலர் அளவே. அதே சாலையில் அதே தூரம் ஓடும் மின்கார் உரிமையாளர் 76 டாலர் தருகிறார். நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டருக்கு மேல் குடிக்கும் பழைய கார்தான் எங்களுக்குச் சமமாகச் செலுத்துகிறது. மின்கார்கள் சாலைக்குப் பங்களிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் புகை கக்காத வண்டியிடம் இரு மடங்குக்கும் மேல் வாங்குவது, சாலைச் செலவைப் பகிர்வது என்ற நோக்கத்தையே பழுதாக்குகிறது.

இதைவிட என்னை வருத்துவது, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சேரும் நிர்வாகக் கட்டணம். இணையத்தில் வாங்கினாலும் அது 12 டாலரைத் தாண்டுகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் மொத்தத் தூரத்தையும் ஒரே தடவையில் வாங்க 760 டாலரைக் கையில் வைத்திருந்தால், இதை ஒருமுறை கொடுத்தால் போதும். அவ்வளவு பணம் புரட்ட முடியாமல் ஆயிரம் ஆயிரமாக வாங்குபவர் பத்து முறை கொடுத்து, 120 டாலருக்கு மேல் இழக்கிறார். சாலையை இருவரும் ஒரே அளவுதான் பயன்படுத்துகிறார்கள். கையிருப்பு இல்லாதவரே அதிகம் தருகிறார்.

பெட்ரோல் கார்கள் உட்பட எல்லா இலகுரக வண்டிகளையும் இதே முறைக்கு மாற்றப்போவதாகவும், லேபிள் ஒட்டும் கட்டாயத்தை நீக்கப்போவதாகவும் 2025 ஆகஸ்டில் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் பிஷப் அறிவித்தார். அது நிறைவேறினால் ஹைபிரிட் குறித்த என் குறை தானாகத் தீரும். ஆனால் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்துத் திருத்தாவிட்டால், இன்று சிலர் படும் சிரமம் அன்று எல்லா ஏழை ஓட்டுநர்களுக்கும் வந்து சேரும்.

இப்போதைக்கு, இயன்றவர்கள் ஓரளவு பெரிய தூரத்தை ஒரே தடவையில் வாங்குங்கள். பழைய மின்கார் வாங்குவோர், லேபிளில் உள்ள இறுதி அளவை ஓடோமீட்டருடன் ஒப்பிட்டுப் பார்த்து, பாக்கி இருந்தால் பணம் கைமாறும் முன்பே விற்பவரைத் தீர்க்கச் சொல்லுங்கள்.