பழைய பகியைப் பிரித்து எடுத்த பாகங்கள்: 5 வருடம், 14,000 கி.மீ. ஓடிய பிறகு

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து யாரோ வீட்டில் கட்டிய பகி (மணலில் ஓட்டும் திறந்த சின்ன வண்டி) ஒன்று, தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்துவிட்டு என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. ஃபைபர் பாடி வெடித்திருந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அதைச் சரிசெய்து ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை. சதுரக் குழாயில் நானே சேசிஸ் கட்டி, சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின் வரும்படி இருவர் உட்காரும் கார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் அச்சு, ஸ்டீயரிங் பாக்ஸ், பிரேக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால் பாதி வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். கார் ரோட்டில் இறங்கி 5 வருடம் ஆகிறது. அந்தக் கணக்கு எங்கே பலித்தது, எங்கே இடித்தது என்று இப்போது சொல்லலாம்.

'ஒரே வண்டி' என்று நினைத்ததே முதல் தப்பு. முன்சக்கரத்தைக் கழற்றினேன், 5 போல்ட்டு. பின்னால் போனால் 4 போல்ட்டு. பீட்டிலில் 1967 வரை 205 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட்டு. 1968 மாடலிலிருந்து 130 மி.மீ. வட்டத்தில் 4. அதாவது முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. வைத்திருந்த ஒரே ஸ்டெப்னி முன்னால் மட்டும்தான் பொருந்தும். பின்சக்கரம் பஞ்சரானால் அதைக் கட்டிய மனிதர் என்ன செய்திருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கம்பெனி வண்டியைப் பிரித்தால் மாடலையும் வருடத்தையும் சொல்லி உதிரிபாகம் வாங்கிவிடலாம். வீட்டில் கட்டிய வண்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஜாதகம். பகிகள் இப்படித்தான் பிறந்தன. புரூஸ் மேயர்ஸ் 1964-இல் மேங்ஸ் பகியைச் செய்து காட்டி, அது கிட்டாக (வாங்கி வீட்டிலேயே பூட்டும் பாகத் தொகுப்பாக) விற்கத் தொடங்கியதும், பீட்டிலின் தரைச்சட்டத்தை 36 செ.மீ. போல வெட்டிக் குறுக்கி ஆளாளுக்கு ஒன்று கட்டினார்கள். கையில் கிடைத்த பாகம் எதுவோ அதுதான் மாட்டப்பட்டது. நான் ஒரு நோட்டுப் போட்டு, கழற்றிய ஒவ்வொன்றின் வார்ப்பு எண்ணையும் வெர்னியரில் எடுத்த அளவையும் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இல்லாமல் இன்றைக்கும் ஒரு ஆயில் சீல் வாங்க முடியாது. வருடத்தைச் சொல்லி வாங்கிய பிரேக் ஷூ இரண்டு முறை திரும்பிப் போனது. அளவைச் சொல்லி வாங்கியது முதல் தடவையே உட்கார்ந்தது.

எஞ்சின் எண் டைனமோ ஸ்டாண்டுக்குக் கீழே அடித்திருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததும் 'ஏடி' என்ற எழுத்துகள் தெரிந்தன: 1970-களின் 1584 சிசி, இரட்டைத் துவார ஹெட் (ஒவ்வொரு ஹெட்டிலும் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டு வழி). பார்த்ததும் சந்தோஷம்தான். ஆனால் எழுத்தைப் பார்த்து எஞ்சினை எடுக்கக் கூடாது. பின்னால் இருக்கும் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று தட்டினால் உள்ளே பேரிங் உட்காரும் இடம் அடிவாங்கியிருக்கிறது என்று அர்த்தம். இருக்க வேண்டிய இடைவெளி 0.07 முதல் 0.13 மி.மீ. வரை, 0.15-ஐத் தாண்டினால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது 0.12 காட்டியது. அதை நம்பி எடுத்தேன். 5 வருடத்தில் ஹெட்டைக்கூடக் கழற்றவில்லை. குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.15 மி.மீ., 4,000 கி.மீ.க்கு ஒரு முறை இரண்டரை லிட்டர் ஆயில், அவ்வளவுதான் அது கேட்பது. வடிகட்டி என்று உள்ளே இருப்பது ஒரு கம்பி வலை மட்டும், அதனால் ஆயில் மாற்றுவதில் சோம்பல் ஆகாது. இன்னொன்று: எஞ்சினின் வெளிக்கூடு (கேஸ்) மெக்னீசியம் கலவை. கிரைண்டர் பொறி பறக்கும் இடத்துக்கு அதன் தூளைக் கொண்டுபோகாதீர்கள். பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மோசமாகும்.

இப்போது பின் பிரேக் டிரம்மை அச்சில் பிடித்திருக்கும் நட்டுக்கு வருகிறேன். 36 மி.மீ. நட்டு. அதற்குச் சொல்லப்பட்ட முறுக்கு சுமார் 294 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 30 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. வருடக்கணக்கில் துருவேறியதை அவிழ்க்க அதற்கு மேலும் வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியில் இதைக் கழற்றப் போனால் வண்டிதான் விழும். சக்கரம் தரையில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் பிடிக்காது என்பதால் முன்னும் பின்னும் கட்டை வேண்டும். நான் ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, இரண்டு நாள் ஆயிலில் ஊறவிட்டு, ஒன்றரை மீட்டர் குழாயை மாட்டி ஏறி நின்றேன். இடது பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

வலது பக்கம் கையழுத்தத்திலேயே சுற்றிக்கொண்டு வந்தது. நல்லது என்று சந்தோஷப்பட்டேன். டிரம்மை இழுத்து உள்ளே விரலை விட்டால், அச்சில் கோர்க்கும் பல்வரிசைக்கு நடுவே சிவப்புப் பொடி, குங்குமம் போல. நகத்தால் தடவினால் பல்லின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கிறது. நட்டைச் சரியாக முறுக்காமல் ஓட்டியதில், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் டிரம் அச்சின் மேல் நூலளவு அசைந்து அசைந்து தன்னையே அரைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. டிரம் குப்பைக்குப் போனது. அச்சின் பல் தப்பித்திருந்தது. சுலபமாகக் கழன்ற எந்த நட்டையும் அன்றிலிருந்து சந்தேகப்பட்டே பார்க்கிறேன்.

கியர்பாக்ஸ் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். என் காரில் முன்னால். அப்படியே திருப்பி மாட்டினால் 4 கியர் பின்னோக்கியும் 1 கியர் முன்னோக்கியும் ஓடும் வண்டி கிடைக்கும். உள்ளே இருக்கும் பெரிய கிரவுன் வீலை (பின் அச்சைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தை) மறுபக்கம் மாற்றிப் போட வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டு பக்கமும் மூடி உள்ள பழைய வகை என்பதால் அது முடிந்தது. இந்த வேலையை மட்டும் கியர்பாக்ஸ் தெரிந்தவர் கையில் கொடுத்தேன். பல் கடிக்கும் இடைவெளியைக் கண்ணால் வைக்க முடியாது. கியர்பாக்ஸ் இன்றுவரை சத்தம் போடவில்லை. படுத்தியதெல்லாம் நான் செய்த கியர் ராடுதான். கியர் ராடு சேரும் பாக்ஸின் மூக்கு பின்பக்கம் பார்ப்பதால் ராடு எஞ்சினைச் சுற்றிப் போய்த் திரும்பி வர வேண்டும். மூன்று முறை செய்தேன். முதல் முறை கியர் வரிசை கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறியிருந்தது. இரண்டாவது முறை எல்லாம் சரி, ரிவர்ஸ் மட்டும் விழாது.

வயரிங்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வண்டி முழுக்க ஒரே சிவப்பு வயர். ஹார்னுக்கும் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. மொத்தமாக வெட்டி எறிந்தேன். பெட்ரோல் டேங்கும் அதே வழி, உள்ளே துரு. சுத்தம் செய்து ஓட்டையை வெல்டிங் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். காலி டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவி என்ன செய்யும் என்று தெரிந்ததால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பேப்பர் விஷயத்திலும் அசட்டை வேண்டாம்: சேசிஸ் எண்ணும் உரிமைப் பத்திரமும் சரியாக இருக்கிறதா என்று வண்டியைத் தூக்கி வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

'கம்பெனி பாகத்தை நம்பு, கையால் செய்ததை நம்பாதே' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த வண்டியிலிருந்து எடுத்து மாட்டியதில், ரோட்டில் என்னைக் கைவிட்ட இரண்டும் கம்பெனி பாகம். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டவன், முன்பக்க ரப்பர் ஹோஸ் இரண்டையும் வெடிப்பில்லை, வளைந்து கொடுக்கிறது என்று அப்படியே விட்டேன். மூன்றாவது மாதம் கார் இடது பக்கம் இழுத்தது. இறங்கித் தொட்டால் இடது சக்கரம் சுடுகிறது, கருகல் வாடை. பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகை) திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் விடுபட்டது. ஹோஸை நடுவில் அறுத்துப் பார்த்தேன். வெளியே நன்றாக இருந்த ரப்பர் உள்ளே ஊதி, ஓட்டை இருந்த இடத்தில் ஊசிகூட நுழையாது. மிதித்தால் ஆயில் போகிறது, விட்டால் திரும்ப வழியில்லை. இரண்டாவது வருடம் ஸ்டீயரிங் தண்டின் ரப்பர் கப்ளிங், போல்ட்டு ஓட்டையைச் சுற்றி வெடித்தது. இரண்டுமே பிரிக்கும் அன்றைக்கே தூக்கி எறிந்திருக்க வேண்டியவை.

ஆனால் அந்த மனிதர் கையால் செய்திருந்த பெடல் செட் இருக்கிறதே, அது வேறு ரகம். பட்டை இரும்பை வெட்டி, லேத்தில் கடைந்த வெண்கலப் புஷ் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் நிப்பிள் வைத்திருக்கிறார். வெல்டிங் வரிசை மீன் செதில் மாதிரி சீராக இருக்கிறது. சேசிஸில் அவர் போட்ட பற்றவைப்புகளோ கோழி எச்சம் மாதிரி. ஒரே கைதானா என்று சந்தேகம் வரும். பெடல்களை முதலில் கழற்றி மேசையில் போட்டபோது கலந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், ஒவ்வொரு இணைப்பிலும் சென்டர் பஞ்சால் அடித்த புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. என்றாவது ஒருவன் இதைக் கழற்றுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாயம் மட்டும் அடித்து அப்படியே மாட்டினேன். 14,000 கி.மீ.க்குப் பிறகும் கிளட்ச் பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியவில்லை.

முன் அச்சு பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் குண்டு மூட்டு) வகை. நான்கு ஜாயின்டும் புதிது போட்டு, பின்னால் இருப்பது போலவே 4 போல்ட்டு உள்ள டிரம்மை முன்னாலும் மாற்றியாயிற்று. இப்போது ஒரு 4 போல்ட்டு ஸ்டெப்னி நாலு பக்கமும் போகும். ஸ்டீயரிங் பாக்ஸ் நடுவில் கொஞ்சம் லூஸ்; அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கினால் வளைவில் பிடிக்கிறது, விட்டால் நேர் ரோட்டில் அலைகிறது. நடுத்தரமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். மாற்றத்தான் வேண்டும்.

மறுபடி இப்படி ஒரு வண்டி கிடைத்தால் எடுப்பேனா? எஞ்சினும் கியர்பாக்ஸும் சரியாக இருந்தால் எடுப்பேன். முன் அச்சை மட்டும் வருடம் தெரிந்த கம்பெனி வண்டியிலிருந்து தனியாக வாங்குவேன்.

போன வாரம் வலது பின் டிரம்மில் ஆயில் ஈரம் பார்த்தேன். சீல் போயிருக்கிறது. மழை விட்டதும் அந்த 36 மி.மீ. நட்டை மறுபடி அவிழ்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் குழாய் ஷெட் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடியேதான் இருக்கிறது.