எஸ்விஜி பின்னணி நிறம்: ரெக்டா, ஸ்டைலா?

எஸ்விஜி என்பது கோடுகளையும் வடிவங்களையும் எழுத்தாகவே விவரிக்கும் படக் கோப்பு. அதற்கு இயல்பாகப் பின்னணியே கிடையாது, கண்ணாடி மாதிரி. கறுப்பு எழுத்துள்ள லோகோவை டார்க் மோடில் திறந்தால் ஒன்றுமே தெரியாமல் போவது இதனால்தான். நிறம் கொடுக்கப் பொதுவாக இரண்டு வழிகள்.

சுலபமானது ஸ்டைல். மேலே இருக்கும் எஸ்விஜி டேகிலேயே பேக்கிரவுண்ட் நிறத்தை எழுதிவிடலாம். பிரவுசரில் அழகாக வேலை செய்யும். படத்துக்கு ஒதுக்கிய இடம் படத்தின் விகிதத்துக்குப் பொருந்தாவிட்டாலும் ஓரம் வரை நிறம் பரவும். ஆனால் அதே கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் நிறம் காணாமல் போய்விடும். அது சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி) சமாச்சாரம், எஸ்விஜியின் சொந்தச் சரக்கு அல்ல.

ரெக்ட் வழியில் அகலமும் உயரமும் 100% உள்ள ஒரு செவ்வகத்தை முதல் உருவமாக வரைகிறோம். முதலில் என்பது முக்கியம்: எஸ்விஜியில் பின்னால் எழுதியது முன்னால் வரும், கடைசியில் போட்டால் படத்தையே மூடிவிடும். இன்னொரு வம்பு வியூபாக்ஸ்: படம் எந்தப் புள்ளியில் தொடங்கி எவ்வளவு அகலம், உயரம் காட்ட வேண்டும் என்று சொல்லும் நான்கு எண்கள். அது "-50 -50 100 100" என்றிருந்தால், 0,0-வில் தொடங்கும் செவ்வகம் வலப்பக்கக் கீழ்க் கால்பகுதியை மட்டும்தான் நிரப்பும். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் -50 கொடுக்க வேண்டும். நானும் இதில் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எடிட்டரில் அந்தச் செவ்வகம் அடிக்கடி கையில் மாட்டும். லேயரைப் பூட்டி வைத்தால் சரி.

கோப்பு யார் கைக்குப் போகும் என்று தெரியாவிட்டால் நான் ரெக்ட்தான் போடுவேன். என் சொந்த வலைப்பக்கத்துக்கு மட்டும் என்றால் ஸ்டைல்.