மலையகத்தில் வாசிக்க: தாளா, போனா, கிண்டிலா?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் தாள் புத்தகத்துக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் கிளம்பிவிடும். வெளிச்சுவரோடு ஒட்டி அடுக்கிய நூல்களைத்தான் அது முதலில் பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, வெயில் கண்ட நாளில் விரித்து உலர்த்தினால் ஓரளவு தப்பும். அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலுக்கு இந்தப் பாடு இல்லை. 6 அங்குலக் கருவி 160 கிராம் அளவுதான். அதற்குள் ஒரு அலுமாரி நூல்கள் அடங்கும்.

கரண்ட் விஷயத்திலும் கிண்டிலே மேல். அதன் மின்மைத் திரை (தாளில் அச்சிட்டது போலத் தெரியும் ஈ-இங்க் திரை) பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் இழுக்கும். வைஃபையை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, தினம் அரை மணி நேரம் வாசித்தால் வாரக்கணக்கில் தாங்கும். 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது போன் சார்ஜை நாவலுக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் தோட்ட லயத்தில், பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாத கிண்டிலின் மங்கல் வெளிச்சமும் பெரிய உதவி.

ஆனால் எந்தக் கோப்பை வாசிக்கப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். 21 சென்ரிமீற்றர் அகல ஏ4 பக்கம் 9 சென்ரிமீற்றர் திரைக்குள் சுருங்கினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளி ஆகிவிடும். கருவியைக் கிடையாகத் திருப்பினால் கொஞ்சம் தேறும். பெரிதாக்கி நகர்த்தி வாசிக்க மின்மைத் திரை மெதுவானது. இதற்குப் போன்தான் வசதி, டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது. படமும் வரைபடமும் நிறைந்த பள்ளிப் பாடநூலுக்கோ தாளே போதும்.

தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாகத் தரும் யூனிகோட் நூல்களும், எபப் வடிவ மின்னூல்களும்தான் கிண்டிலுக்குப் பொருந்தியவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல வரம் இல்லை.

எபப் கோப்பை வயர் வழியே கிண்டிலில் போட்டால் நூற்பட்டியலில் தெரியாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை மூலம் அனுப்புங்கள். இல்லையென்றால் கணினியில் கேலிபர் மென்பொருளால் கிண்டில் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக்கி, கிண்டிலின் டாக்யுமென்ட்ஸ் கோப்புறையில் வையுங்கள். கிண்டிலைப் போன்ற கோபோ கருவி எபப்பை அப்படியே ஏற்கும். நம் நாட்டில் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் ஏராளம். அவற்றை அப்படியே மாற்றினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடாக்கிவிட்டு மின்னூல் செய்யுங்கள்.

அமேசானுக்கு இலங்கைக்கெனத் தனித் தளம் இல்லாததால், வெளிநாட்டிலிருந்து வந்த, கைமாறிய கருவிகளே பலருக்குக் கிடைக்கும். காசு கொடுக்குமுன் பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'கொ', 'பௌ', 'க்ஷ', 'ஸ்ரீ' உள்ள ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ, மென்பொருளைப் புதுப்பித்துக் காட்டும்வரை வாங்காதீர்கள்.