ஏற்காட்டுச் சாரலில் ஒரு வால்டார்ஃப் பள்ளி

ஏற்காட்டில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் இந்தச் சிறிய தனியார் பள்ளியில் எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வால்டார்ஃப் கல்விமுறையைத்தான் இங்கே பின்பற்றுகிறார்கள்.

காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே பாடம். அதுவே மூன்று, நான்கு வாரங்கள் தொடரும். ஆசிரியர் கதையாகச் சொன்னதை, பிள்ளைகளே தேன்மெழுகு வண்ணக்கட்டிகளால் வரைந்தும் எழுதியும் தங்கள் பாட ஏட்டை உருவாக்கிக்கொள்கிறார்கள். நான்காம் வாய்ப்பாட்டுக்கு, வட்டப் பலகையில் அடித்த பத்து ஆணிகளுக்கு 0 முதல் 9 வரை எண்ணிட்டு, விடைகளின் கடைசி இலக்கங்களான 4, 8, 2, 6, 0 ஆகியவற்றை வரிசையாக நூலால் இணைக்கச் செய்தார்கள்; ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று பலகையில் உருவானது. மனப்பாடத்திலேயே வளர்ந்த எனக்கு அது புதுமையாக இருந்தது.

பின்னலும் குழலிசையும் பாடவேளையிலேயே அடங்குகின்றன. எழுத்தறிவை ஏழு வயதை ஒட்டியே முறையாகத் தொடங்குவதால், சேலத்து உறவினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கட்டணம் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையே. தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கும் நேரமும் போதாது என்பது என் கருத்து.

சேலத்திலிருந்து அன்றாடம் அனுப்ப நினைப்பவர்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளையின் வயிறு தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு அங்கீகாரம் எந்த வகுப்பு வரை உள்ளது என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது.