கேம் போயில் தோடி: மூன்று ஆண்டு அனுபவம்

2022 மார்ச் முடிவில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், கேம் போய் (Game Boy) என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியில் இசையமைக்க நானே ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினேன். மின்சாரம் இருக்கும்போது மடிக்கணினியில் ஜி.பி.டி.கே-2020 என்ற கேம் போய் நிரலாக்கக் கருவித்தொகுதி கொண்டு சி நிரல்மொழியில் எழுதுவேன். போனதும் நான்கு பற்றரிகளில் ஓடும் பழைய சாம்பல் நிறக் கருவியில் கேட்டுப் பார்ப்பேன். அதன் திரைக்கு வெளிச்சம் கிடையாது. குப்பி விளக்கின் பக்கம் சரித்துப் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும்.

கேம் போயில் இசையமைக்க ஆயத்தமாகக் கிடைக்கும் லிட்டில் சவுண்ட் டி.ஜே. நல்ல மென்பொருள்தான். ஆனால் அதில் ஒரு துண்டுக்கு 16 படிகள். வெட்டிச் சுருக்க வழி உண்டு. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்துக்காக ஒவ்வொரு முறையும் வெட்ட எனக்குப் பொறுமையில்லை. என்னுடையதில் முதல் நாளே ஒரு துண்டுக்கு 14 படிகள், அதாவது 14 வரிகள், வைத்தேன்.

முதலில் உதைத்தது வேகம். திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுவதையே தாளக் கணக்காக எடுத்தேன். நான்கு வரிக்கு ஓர் அடி என்று கொண்டு, வரிக்கு 6 சட்டகம் (ஒரு சட்டகம் என்பது திரையின் ஒரு புதுப்பிப்பு) கொடுத்தால் நிமிடத்துக்கு 149 அடி. 7 கொடுத்தால் 128. நடுவில் எதுவுமில்லை. இணுவிலில் தவில் வாசிக்கும் சித்தப்பா கேட்டுவிட்டு, "தம்பி, இது காலப்பிரமாணமா, படிக்கட்டா?" என்றார். திரையை விட்டு, கருவியின் உள்கடிகாரம் குறித்த இடைவெளியில் நிரலைத் தட்டியெழுப்பும் டைமர் குறுக்கீட்டுக்கு மாறிய பிறகே தலையாட்டினார்.

சுருதிதான் இன்றுவரை தீராத வழக்கு. 2048இல் இருந்து பதிவேட்டு எண்ணை (சுருதிக்காக ஒலிச் சில்லில் நாம் எழுதும் முழு எண்ணை) கழித்து, வரும் விடையால் 131072ஐ வகுத்தால் சதுர அலையின் அதிர்வெண் கிடைக்கும். எண்ணை ஒன்று மாற்றினால், 440 ஹேர்ட்ஸ் அருகே அடுத்த படி 1.5 ஹேர்ட்ஸ்தான் தள்ளி, காது ஏமாறும். இரண்டு ஸ்தாயி மேலே, 1760 அருகே, அதே ஒரு படி ஏறத்தாழ 24 ஹேர்ட்ஸ். தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அங்கே அசைத்தால் வருவது கமகமல்ல, விக்கல். கீழேயே நிற்கப் பழகிவிட்டேன்.

நாதஸ்வரச் சாயலுக்காகக் கருவியின் மூன்றாவது ஒலித்தடத்துக்குப் போனேன். 32 புள்ளிகளில் நாமே அலை வரையலாம். ஒலித்துக்கொண்டிருக்கையில் அதை மீண்டும் முடுக்கினால் இந்தப் பழைய கருவியில் அலைத் தரவு சிதைந்துவிடும். மடிக்கணினியில் கேம் போயைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டர் மென்பொருள் அதைக் காட்டவேயில்லை. ஒரு மாதம் என் நிரலையே திட்டிக்கொண்டிருந்தேன். தடத்தை அணைத்துப் போட்டால் சரியாகிறது, ஆனால் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் ஒரு 'டக்'. சித்தப்பா அதைத் துத்துக்காரம், அதாவது நாதஸ்வரக்காரர் நாக்கால் சுரத்தைத் தட்டியெடுப்பது, என்று ஏற்றுக்கொண்டார்.

கடந்த ஐப்பசியில், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜுக்குள் சேமிப்பைக் காத்து வைத்திருந்த நாணய வடிவப் பற்றரி செத்து, சேமித்த 11 உருப்படிகளும் போயின. இப்போது முடித்த ஒவ்வொன்றையும் சீ.ஆர். கொப்பியில் வரி வரியாக எண்களில் எழுதி வைக்கிறேன். வரும்போதெல்லாம் சித்தப்பா அதைப் புரட்டி, "இதில் எங்கே அப்பு ஸரிகம?" என்று தேடுகிறார்.