பூஜ்யம் காட்டிய சென்சார்: பெல்லிஸ்டர் வகை வாயு டிடெக்டருடன் ஏழு ஆண்டுகள்

கரைப்பான் கிடங்கு ஒன்றின் பாதுகாப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றுக்கொண்ட நண்பர், எரியும் ஆவிக் கசிவைக் கண்டறிய, ஆவியைச் சூடான மணியில் எரித்து உணரும் பெல்லிஸ்டர் வகை டிடெக்டரே போதுமா, கூடுதலாகச் செலவிட்டு அகச்சிவப்பு வகையை வாங்க வேண்டுமா என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதிலில் கோபமே மிகுந்திருந்தது. கரைப்பான் பம்ப் அறையிலும் ஹைட்ரஜன் சிலிண்டர் அறையிலுமாகப் பன்னிரண்டு பெல்லிஸ்டர்களை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். எரியக்கூடிய வாயு எதுவானாலும், ஹைட்ரஜன் உட்பட, ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்தச் சென்சார் உணரும். வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் எளிதில் அசையாது. ஒருநாள் இரவு, ஆளில்லாத பம்ப் அறையில் ஒரு பம்பின் சீல் கசியத் தொடங்கியபோது, வெடிப்புக் கீழ்வரம்பில் (காற்றில் ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்சச் செறிவில்) 20 சதவீதத்தை ஆவி தொட்டதுமே கட்டுப்பாட்டு அறையில் அலாரம் ஒலித்தது. 40 சதவீதத்தை எட்டுவதற்குள் பம்பை நிறுத்திவிட்டோம். அந்த இரவுக்காக இக்கருவிக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆயினும் என் மனத்தை விட்டு அகலாத குறை ஒன்று உண்டு. இதனுள் பிளாட்டினம் கம்பிச்சுருளைப் பொதிந்த இரண்டு சிறு மணிகள் ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் அளவில் சூடாக இருக்கின்றன. ஒன்றில் வினையூக்கி உண்டு. அதன் மேல் எரிவாயு பட்டால் எரிந்து, மணி மேலும் சூடாகி, கம்பியின் மின்தடை கூடுகிறது. வினையூக்கி இல்லாத மற்றொன்று ஒப்பீட்டுக்காக இருப்பது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் வீட்ஸ்டன் பாலச் சுற்று அளந்து காட்டுகிறது. இப்போது வினையூக்கி செயலிழந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மணியும் இரண்டாவதைப் போலவே ஆகிவிடுகிறது, வேறுபாடு மறைகிறது, சுற்று துல்லியமான பூஜ்யத்தைக் காட்டுகிறது. கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் மின்னோட்டத்தில் 4 மில்லி ஆம்பியர் என்றால் பூஜ்யம். கம்பி அறுந்தால் மின்னோட்டம் அதற்கும் கீழே விழுந்து பழுது விளக்கு எரியும். வினையூக்கி செத்தால் அதே 4 மில்லி ஆம்பியர் நிற்கும், எந்த விளக்கும் எரியாது. வாயு இல்லை என்பதற்கும் எனக்குக் கண் தெரியவில்லை என்பதற்கும் இக்கருவி ஒரே எண்ணைத்தான் சொல்கிறது.

எங்களுக்கு இது ஏட்டறிவாக நிற்கவில்லை. பம்ப் அறையின் வால்வுத் தண்டுகளுக்குப் பராமரிப்பின்போது சிலிகோன் கலந்த மசகு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். சிலிகோன் ஆவி அந்தச் சூடான மணியில் சிதைந்து, சிலிக்காப் படலமாகப் படிந்து வினையூக்கியை மூடிவிடும். சில வாரங்கள் கழித்து, வழக்கமான அரையாண்டுச் சோதனையில், கீழ்வரம்பில் 50 சதவீதச் செறிவுள்ள சோதனை வாயுவைச் செலுத்தினோம். 50 காட்ட வேண்டிய திரையில் 4 என்று வந்தது. அருகிலிருந்த இன்னொன்றில் 7. அத்தனை வாரங்களும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அந்தப் பூஜ்யங்களை நம்பித்தான் பணிமாற்றம் செய்துகொண்டிருந்தார்கள். சிலிகோன் ஆகாது என்று கையேடு தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஸ்பிரே டப்பாவை உள்ளே அனுமதித்த பொறுப்பு எங்களுடையது. இருந்தும், தன் குருட்டுத்தன்மையைத் தானே அறிவிக்காத ஒரு காவல் கருவியை என்னால் மன்னிக்க முடியவில்லை. நச்சைத் தாங்கும் வகைச் சென்சார்களைப் பின்னர் வாங்கிப் பொருத்தினோம். அவை கூடுதல் காலம் உழைக்கின்றன, ஆனால் சாகும்போது அவையும் அதே மௌனத்தில்தான் சாகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணியின் மேல் வாயு எரிய ஆக்சிஜன் தேவை. கசிவு மிகுந்து காற்று விலகிவிட்டால் வாசிப்பு ஏறி மீண்டும் இறங்கும். உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதி இல்லாத கருவியில் அந்த இறக்கத்தைப் பார்ப்பவர் கசிவு அடங்கியதாக எண்ணக்கூடும். மீத்தேனால் அளவுத்திருத்தம் செய்த கருவி கனமான கரைப்பான் ஆவிகளை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. எந்த ஆவிக்காக நிறுவுகிறோமோ அதற்கான திருத்தக் காரணியை, அதாவது வாசிப்பைப் பெருக்க வேண்டிய எண்ணை, கேட்டு வாங்காமல் யாரும் ஒப்பமிட வேண்டாம்.

அகச்சிவப்புக் கருவிக்கு வினையூக்கியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். ஹைட்ரோகார்பன் ஆவி உறிஞ்சும் ஓர் அலைநீளத்தையும், உறிஞ்சாத மற்றோர் அலைநீளத்தையும் அது ஒப்பிடுகிறது; விளக்கு அணைந்தாலோ கண்ணாடியில் அழுக்கு மிகுந்தாலோ பழுது என்று அதுவே சொல்லிவிடும். ஹைட்ரஜனை மட்டும் அதனால் காண முடியாது. ஆகவே சிலிண்டர் அறையில் பெல்லிஸ்டரே தொடர்கிறது. அங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறிச் சோதனை வாயு காட்டுகிறோம், எவருடைய விடுப்புக்காகவும் அது தள்ளிப்போவதில்லை.

நண்பருடைய கிடங்கில் ஹைட்ரஜன் இல்லை. அந்த ஓர் இரவில் எங்களைக் காத்த கருவிதான் என்றாலும், அவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை; அகச்சிவப்பையே வாங்கச் சொல்லிவிட்டேன், சோதனை வாயு சிலிண்டரையும் அதே ஆர்டரில் சேர்த்து.